காசநோயும் வைட்டமின் டியும்: அன்னதானம் செய்வோர் அறிய வேண்டிய ஒரு பாடம்



இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் சமயக் கட்டுரை எழுதவே எண்ணினேன். ஆனால் ஈராண்டாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நான், பணி ஓய்வு பெற்ற பின் நமது ஆலயத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது. நான் செய்த தவற்றை வேறு எவரும் நல்லெண்ணத்தால் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் நடைபெறும் அன்னதானத்திற்குக் காய்கறி நறுக்கிக் கொடுக்க ஒரு தம்பி பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருவார். வயது நாற்பதுக்குள். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் நாள் கூலி வேலை. சில வாரங்களாக அவர் இருமிக்கொண்டே இருந்தார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து தொடங்கினார்கள். தினமும் அங்கே சென்று தாதியின் முன்னிலையில் மருந்தை விழுங்கிவிட்டு வர வேண்டும்.

செய்தி தெரிந்ததும் எங்களில் சிலர், அவர் சாப்பிட்ட தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். நான் அதை மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று நினைத்து, வைட்டமின் டி காசநோயை எதிர்க்கும் சக்தியைக் கூட்டும் என்று எங்கோ படித்ததை நம்பி, மருந்துக்கடையில் இரண்டு போத்தல் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். “தம்பி, இத விடாம சாப்பிடுங்க. காலையில கொஞ்ச நேரம் வெயில்ல உட்காருங்க. சூரிய பகவான் பாத்துக்குவார்” என்றும் சொன்னேன்.

மூன்றாம் மாதம் அவர் முகம் தெளிந்தது. மாலைக் காய்ச்சல் நின்றது. பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது, அவர் கிளினிக்கிற்குப் போவதை நிறுத்திப் பல நாட்கள் ஆகிவிட்டன என்று. காலையில் அங்கே போனால் அன்றைய கூலி போய்விடும். “ஏன் தம்பி மருந்த விட்டீங்க?” என்று கேட்டேன். “சார், நீங்க குடுத்த மாத்திரைய ஒரு நாள்கூட விடல சார். அதுவும் நெஞ்சு மருந்துதானே?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தேடி மருத்துவ நண்பர்களைக் கேட்டும் ஆய்வுச் செய்திகளைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன்.

நோயை அறிவோம்

காசநோயை நம் முன்னோர் சயரோகம் என்றனர். எலும்புருக்கி நோய் என்றும் சொல்வதுண்டு. இது சாபமோ பரம்பரைக் குற்றமோ அன்று. ஒரு நுண்கிருமியால் வருவது. ஜெர்மனிய மருத்துவர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று இக்கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் உடன் இருப்பவருக்கு அது தொற்றலாம். தட்டு, குவளை, துணி, கைகுலுக்கல் இவற்றால் இந்நோய் பரவுவதில்லை. ஆகவே அந்தத் தம்பியின் தட்டை ஒதுக்கியது அறியாமை. சன்னலைத் திறந்து வைத்திருந்தால் அதுவே உண்மையான பாதுகாப்பு.

கிருமி உள்ளே புகுந்த எல்லாரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரின் உடலில் இக்கிருமி புகுந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோய் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே. மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்திருக்கிறது. பட்டினி, நீரிழிவு, புகைபிடித்தல், குடிப்பழக்கம், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு மிகுதி என்பது உங்களுக்குத் தெரியும்.

இது பழங்கால நோய், நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று நினைப்போர் உண்டு. 2023ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர்; 12½ இலட்சம் பேர் இறந்தனர். மலேசியா 1961ஆம் ஆண்டிலேயே தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. ஊசி போடப்படுகிறது. இருந்தும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டறியப்பட்டு வருகிறது.

வெயிலை மருந்தாக எண்ணிய காலம்

வெயில் காசநோய்க்கு மருந்து என்ற எண்ணம் எனக்கு மட்டும் தோன்றியதன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1841இல் மருத்துவர் ஜான் ஹியூஸ் பென்னட் காட் மீனின் ஈரல் எண்ணெய் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன்பின் லண்டனில் காசநோயாளிகளுக்கு அந்த எண்ணெய் பெருமளவில் கொடுக்கப்பட்டது. என் வயதினர் சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீனெண்ணெய் அதுதான். அதில் வைட்டமின் டி நிறைந்திருக்கிறது என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன், தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிர் பாய்ச்சிக் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். மலைகளிலும் காட்டோரங்களிலும் சானடோரியங்கள் எழுந்தன. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்ல உணவு ஆகிய நான்கே அங்கு மருத்துவம். நம் தமிழ்நாட்டில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அவ்வகையைச் சேர்ந்தது. சென்னைக்குப் போய் வந்தவர்கள் தாம்பரத்துக்கு அருகே “சானடோரியம்” என்ற பெயரில் ரயில் நிலையமே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அன்று கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆகவே வெயிலையும் காற்றையும் நம்பினார்கள். சிலர் பிழைத்தனர், பலர் இறந்தனர். ஸ்திரெப்தோமைசின் 1940களிலும் ஐசோனியாசிட் 1952இலும் வந்த பிறகே நிலைமை மாறியது.

வைட்டமின் டி உடலில் செய்வது என்ன?

வெயில் தோலில் படும்போது, தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறுகிறது. அது முதலில் ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் பக்குவப்பட்டுச் செயல்படும் வடிவத்தை அடைகிறது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பது அதன் முதல் வேலை என்று பள்ளியில் படித்தோம்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் இரத்தத்திலும் நுரையீரலிலும் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் இருக்கின்றன. 2006இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஓர் அரிய செய்தியைக் கூறியது. காசநோய்க் கிருமியின் அடையாளத்தை உணர்ந்ததும், காவல் அணு தன்னுள்ளேயே வைட்டமின் டியைப் பக்குவப்படுத்தத் தொடங்குகிறது. அந்த வைட்டமின், கெத்தலிசிடின் என்னும் புரதத்தை அணு தயாரிக்கும்படி தூண்டுகிறது. கெத்தலிசிடின் கிருமியைத் தாக்குகிறது. இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் அந்தப் புரதமும் குறைவாகவே உண்டாகிறது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாட்டு நோயாளிகளிடையே வைட்டமின் டியை ஏற்கும் மரபணுவின் வேறுபாடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

காசநோயாளிகள் பலருக்கு இந்த வைட்டமின் குறைவாக இருப்பதும் உண்மை. மேற்கு லண்டனில் வாழும் குஜராத்தியரிடையே நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வைட்டமின் டி குறைபாட்டுக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அவர்களில் சைவ உணவினர் பலர். குளிர்நாட்டில் வெயிலும் இல்லை, தட்டில் மீனும் இல்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் மலேசியாவிலும், நகரங்களில் வாழும் இந்தியப் பெண்கள் பலருக்கு இது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் இருக்கிறோம்; குடை பிடித்து நடக்கிறோம்; கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் தேவை.

இவ்வளவையும் படித்தவர் என்ன முடிவுக்கு வருவார்? மாத்திரை கொடுத்தால் நோய் விரைவில் குணமாகும் என்றுதானே? நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்

வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். ஊரில் எல்லாரும் குடை பிடித்திருக்கும் நாளில் மழை பெய்கிறது. அப்படியானால் குடைதான் மழையைக் கொண்டுவந்ததா? இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நோயுற்றவர் வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனாலேயே வைட்டமின் டி குறைந்திருக்கலாம். உண்மையை அறிய ஒரே வழி, நோயாளிகளில் பாதிப் பேருக்கு வைட்டமினும் மற்றப் பாதிப் பேருக்கு அதே போன்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, யார் எதைப் பெற்றார் என்று நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

அவ்வாறே செய்து பார்த்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமான காசநோய் மருந்தைக் கொடுத்து, அதற்கு மேல்தான் வைட்டமினைச் சேர்த்தார்கள். லண்டனில் 146 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வைட்டமின் பெற்றவர்களின் சளியிலிருந்து கிருமி மறைய 36 நாளும் பெறாதவர்களுக்கு 43½ நாளும் ஆயின. ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களின் கணக்கே கூறியது.

அடுத்து நம் தமிழ்நாட்டுச் செய்தி. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் பங்கேற்று, இந்தியாவில் 247 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரண்டு வாரத்திற்கு ஒரு முறையாக நான்கு பெரிய அளவுகள் வைட்டமின் டி கொடுத்தார்கள். கிருமி மறைய வைட்டமின் பெற்றவர்களுக்கு 43 நாள். வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு 42 நாள். வேறுபாடு இல்லை என்றே பொருள்.

நோய் வருமுன் தடுக்குமா என்றும் பார்த்தார்கள். மங்கோலியா குளிர்நாடு, அங்குள்ள பிள்ளைகளுக்கு வைட்டமின் டி மிகவும் குறைவு. ஏறத்தாழ 8,850 பள்ளிப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் வைட்டமின் டி கொடுத்தார்கள். இரத்தத்தில் அதன் அளவு நன்றாக உயர்ந்தது. ஆனால் 2020இல் வெளியான முடிவின்படி, கிருமி தொற்றியவர் வைட்டமின் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 3.6, பெறாத பிரிவில் 3.3. மாத்திரை தொற்றைத் தடுக்கவில்லை.

எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியிட்ட தொகுப்பும், பொதுவாகப் பயன் இல்லை என்றே கூறியது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத காசநோய் உள்ள சிறு பிரிவினரிடம் மட்டும் கிருமி சிறிது விரைவாக மறைந்ததாகத் தெரிந்தது. அதை முடிவாகக் கொள்ள மேலும் ஆய்வு வேண்டும்.

அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் கண்டது பொய்யா? பொய்யன்று. மடப்பள்ளியில் நிற்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உப்பில்லாவிட்டால் சாம்பார் ருசிக்காது. அதற்காக உப்பைக் கூட்டிக்கொண்டே போனால் பத்துப் பேருக்குச் செய்த சாம்பார் இருபது பேருக்கு வராது. வைட்டமின் டி உடலுக்கு வேண்டிய உப்பு போன்றது. குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடுசெய்ய வேண்டும். எலும்புக்கு அது நல்லது. ஆனால் நுரையீரலில் கோடிக்கணக்கில் பெருகிவிட்ட கிருமியைக் கொல்வது காசநோய் மருந்தின் வேலை. அந்த வேலையை வைட்டமின் செய்யாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காசநோய் உள்ள இடத்தில் கூடிய காவல் அணுக்கள் தாமே வைட்டமின் டியைப் பக்குவப்படுத்துவதால், சில நோயாளிகளுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறிப் போகலாம். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் நாமாகப் போத்தல் வாங்கிக் கொடுப்பது உதவியாகாது. நான் செய்தது அதுதான்.

சென்னை கற்றுத் தந்த பாடம்

வெயில், ஓய்வு, சானடோரியம் இவையெல்லாம் இல்லாமல் மருந்து மட்டும் நோயைக் குணப்படுத்துமா? இந்தக் கேள்விக்கு உலகத்திற்கே பதில் சொன்னது சென்னை நகரம். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அங்கே 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றவர்கள் தத்தம் குடிசையிலேயே இருந்தார்கள். நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, முடிந்தபோது வேலை. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

இந்த ஒரு முடிவால் உலகெங்கும் இலட்சக்கணக்கான ஏழைகள் குடும்பத்தைப் பிரியாமலே சிகிச்சை பெறும் வழி பிறந்தது. நம் தம்பி கிளினிக்கிற்குப் போய் மருந்து விழுங்கிவிட்டு வீடு திரும்ப முடிந்ததும் அந்தப் பாதையின் பயனே.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: மருந்தை விடாமல் முடிக்க வேண்டும். இன்று வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். முதல் சில வாரங்களில் பெரும்பாலான கிருமி அழிந்து, நோயாளி நலமாக உணர்கிறார். மிஞ்சிய சில கிருமிகள் சோம்பிக் கிடக்கின்றன. அவற்றை அழிக்கத்தான் எஞ்சிய மாதங்கள். இடையில் விட்டால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும்.

ஜார்க்கண்டில் அரிசியும் கடலை மாவும்

மருந்தே போதும் என்றால், கொடையாளர்களாகிய நமக்கு வேலை இல்லையா? இருக்கிறது. அதைத்தான் நான் அண்மையில் படித்து நெகிழ்ந்தேன்.

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் சென்னைத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாருடன் சேர்ந்து 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகளில் பெரும்பாலோர் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்.

நோயாளிகள் எல்லாருக்கும் மருந்துடன் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள்: அரிசி 5 கிலோ, வறுத்த கடலை மாவு 3 கிலோ, பால் மாவு 1½ கிலோ, அரை லிட்டர் எண்ணெய். கூடவே சத்து மாத்திரையும் உண்டு. வீட்டார் பாதிப் பேருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் கொடுத்தார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறருக்குத் தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் மரண அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

அன்பர்களே, அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அரிசி, கடலை, பால், பருப்பு, எண்ணெய். நம் மடப்பள்ளி அலமாரியில் இல்லாத பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு சத்தைத் தனியே பிரித்து மாத்திரையாகக் கொடுத்தபோது கிடைக்காத பலன், வயிறார உணவு கொடுத்தபோது கிடைத்திருக்கிறது. கிருமியைக் கொல்வது மருந்து. கிருமியை அடக்கி வைக்கும் காவலுக்குப் பலம் கொடுப்பது சோறு.

நாம் செய்யக்கூடியவை

1. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

2. வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், உடன் வாழும் எல்லாரும், முக்கியமாகக் குழந்தைகளும், பரிசோதனைக்குப் போக வேண்டும்.

3. மருந்து தொடங்கியபின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம் அது. பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. ஆனால் கண் மஞ்சளானாலோ ஓயாமல் வாந்தி வந்தாலோ உடனே கிளினிக்கிற்குப் போக வேண்டும்.

4. கிளினிக்கில் சிலருக்கு வைட்டமின் பி6 கொடுப்பார்கள். ஐசோனியாசிட் நரம்பைப் பாதிக்காமல் இருப்பதற்காக அது. மற்ற எந்தச் சத்து மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். எதுவும் காசநோய் மருந்துக்கு மாற்று அன்று.

5. காலை வெயிலில் நடப்பதும் சூரிய நமஸ்காரம் செய்வதும் நல்லவையே. அவற்றை மருந்துடன் செய்யலாம். மருந்துக்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

6. நோயாளியை ஒதுக்காதீர்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வெட்கப்பட்டு மறைப்பவர்தான் மருந்தையும் மறைவாக விட்டுவிடுகிறார்.

நான்காவது துணை

அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் திரும்பியது. மீண்டும் முதலிலிருந்து சிகிச்சை தொடங்கி, முன்னைவிட நீண்ட காலம் மருந்து சாப்பிட வேண்டியதாயிற்று. இம்முறை நான் போத்தல் வாங்கவில்லை. எங்களில் ஐவர் முறை வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஒருவர் அவருக்குத் தொலைபேசியில் பேசி, மருந்து விழுங்கியாயிற்றா என்று கேட்பது. மாதம் ஒருமுறை அரிசி, கடலை, பால் மாவு, எண்ணெய் வீட்டிற்குக் கொண்டு போவது. கிளினிக்கிற்குப் போவதால் இழந்த கூலியில் ஒரு பகுதியை உபயகாரர் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையுடன் ஏற்றுக்கொண்டார். கடைசி மாத்திரையை விழுங்கிய வாரத்தில், வெள்ளிக்கிழமை பெர்ரி ஏறி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினார். தட்டு எல்லாருக்கும் ஒரே அடுக்கிலிருந்துதான் எடுத்தோம்.

திருக்குறளில் “மருந்து” என்னும் அதிகாரத்தை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர், மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் என்கிறார். நோயுற்றவர் ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவது, உடனிருந்து கவனிப்பவர். தேர்வுக்காக அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த நான், அந்த நான்காவது கூறு நாம்தான் என்பதை அறுபது வயதுக்குப் பிறகே உணர்ந்தேன்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் பந்தல் போட்டு ஆயிரக்கணக்கானோருக்கு உணவும் நீரும் வழங்குகிறோம். அந்தப் புண்ணியம் குறையாமல் தொடரட்டும். அதனுடன் என் வேண்டுகோள் ஒன்று. ஒரு நாள் அன்னதான உபயம் எழுதுவதுபோல், ஒரு நோயாளியின் குடும்பத்திற்கு “ஆறு மாத உபயம்” எழுத முன்வாருங்கள். பணத்தைவிட, மாதம் தவறாமல் அந்த வீட்டுப் படியேறும் ஒருவர்தான் அதில் முக்கியம். அப்படிப்பட்ட நோயாளி எவரையேனும் நீங்கள் அறிந்திருந்தால், அவரது விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு ஆலய நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். அவர் பெயர் வெளியே வராமல் காப்பது எங்கள் பொறுப்பு.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வு அருள்வானாக. வணக்கம்.